கம்ப்யூட்டரா, சீருடையா?

"மாமா, கம்ப்யூட்டர் சயின்ஸும் படிக்கணும், ராணுவ அதிகாரியும் ஆகணும். எதை விடறது?" அக்கா மகள் கேட்டாள். எதையும் விட வேண்டாம் என்றேன்.

புனே அருகே கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமியில் மூன்றாண்டுப் பயிற்சியோடு, ஜே.என்.யு. வழங்கும் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டமும் உண்டு. பயிற்சிச் செலவு அரசுடையது. 2022 முதல் பெண்களுக்கும் இடம். முதல் அணியில் 17 பேர் 2025 மே மாதம் படிப்பை முடித்தார்கள்.

நுழைவதுதான் கடினம். யு.பி.எஸ்.சி. எழுத்துத் தேர்வு, படை அதிகாரிகள் தேர்வு வாரியத்தின் (எஸ்.எஸ்.பி.) ஐந்து நாள் நேர்காணல், மருத்துவப் பரிசோதனை. உள்ளே போனால் விடியலில் ஓட்டம், பகலில் புரோகிராமிங்.

அக்காவுக்கு இன்னும் அரைமனசுதான். மகளோ நேற்றே அலாரம் வைத்து ஓடத் தொடங்கிவிட்டாள்.

பிளஸ் டூ பிள்ளைகள் உள்ள வீடுகளில் சொல்லிவையுங்கள்: தேர்வு ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது.