விருந்தினராய்ச் செல்வோம்

விடுமுறை என்றால் உறவினர் இல்லம், இல்லையேல் வேளாங்கண்ணி. இதுவே நம் குடும்பங்களின் நெடுநாள் வழக்கம். ஓய்வுக்கென்றே பணம் சேர்த்துக் கடல் கடந்து ஒரு தீவுக்குச் செல்வது நம்மில் பலருக்கு இன்னும் கூச்சம் தரும் எண்ணமே. எங்கள் இல்லத்தில் அக்கூச்சத்தை விலக்கி, பிள்ளைகளின் தேர்வுகள் முடிந்ததும் அந்தமான் செல்வதென முடிவு செய்திருக்கிறோம். ஓய்வு பாவமன்று. பணி முடித்துத் திரும்பிய சீடர்களுக்கு உண்ணவும் நேரமில்லாதிருந்ததைக் கண்ட ஆண்டவர், தனிமையான ஓரிடத்துக்கு வந்து இளைப்பாறுமாறு அவர்களை அழைத்தார் என்கிறது மாற்கு நற்செய்தியின் 6ஆம் அதிகாரம். ஆனால் படகு கரை சேருமுன்பே மக்கள் அங்கே வந்து காத்திருந்தனர். ஆண்டவர் அவர்கள்மீது பரிவு கொண்டார். ஓய்வுக்குச் செல்லும் இடத்திலும் மனிதர் இருக்கிறார்கள் என்பதே திட்டமிடத் தொடங்கிய நாள்முதல் நாங்கள் கற்றுவரும் பாடம்.

தொடக்கத்தில் வரைபடமும் நாள்காட்டியுமே எங்கள் முன் இருந்தன. சென்னையிலிருந்து கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள். விமானத்தில் இரண்டரை மணி நேரத்துக்கும் குறைவு. மே மாதப் பிற்பகுதியில் தென்மேற்குப் பருவமழை அத்தீவுகளை முதலில் தொட்டுவிடும் என்பதால் ஏப்ரல் இறுதியைத் தேர்ந்தோம். பெயர்களும் சற்றுக் குழப்பின. நாங்கள் பள்ளியில் படித்த போர்ட் பிளேர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம். ஹேவ்லாக் 2018 முதல் சுவராஜ் தீவு. பிள்ளைகள் வெண்மணற் கடற்கரைகளை வரிசைப்படுத்தினர். அம்மா கேட்டது ஒன்றுதான்: "ஞாயிற்றுக்கிழமை அங்கே பூசை உண்டாப்பா?"

அக்கேள்விக்கு விடை தேடியபோதுதான் அத்தீவுகள் எங்களுக்கு வேறு முகம் காட்டின. பூசை உண்டு. 1984இல் தனி மறைமாவட்டமாக உயர்ந்த அத்திருச்சபையின் பேராலயம் 'கடலின் விண்மீன்' எனும் அன்னையின் பெயரைத் தாங்கியது. அது சேர்ந்திருப்பதோ ராஞ்சி உயர்மறைமாவட்டத்தோடு! கடலையே காணாத ராஞ்சிக்கும் தீவுக்கும் என்ன உறவு? 1918 முதல் காடு திருத்தவும் மரம் வெட்டவும் சாலை போடவும் சோட்டா நாக்பூரின் ஒராவோன், முண்டா, காரியா பழங்குடியினர் அங்கே அழைத்துச் செல்லப்பட்டனர். அவர்களை அனுப்பி வைத்ததில் ராஞ்சியின் கத்தோலிக்கத் தொழிலாளர் அமைப்புக்கும் பங்குண்டு. ஒப்பந்தம் முடிந்தும் பலர் அங்கேயே தங்கினர். இன்றும் 'ராஞ்சிக்காரர்' என்றே அழைக்கப்படும் அவர்களது வியர்வையில் வேரூன்றியது அத்திருச்சபை.

நம்மவர் கதையும் அங்கே உண்டு. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தோட்டத் தமிழருள் ஒரு பகுதியினர் நிக்கோபாரின் கச்சால் தீவில் இரப்பர்த் தோட்டப் பணிக்குக் குடியேற்றப்பட்டனர். 2004 டிசம்பர் 26 காலையில் வேளாங்கண்ணிக் கரையில் திருப்பயணிகளை வாரிச் சென்ற அதே ஆழிப்பேரலை, கச்சாலையும் கொடுமையாகத் தாக்கியது. நிக்கோபார்த் தீவுகள் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறக்கப்பட்டவை அல்ல. எனவே கச்சால் எங்கள் பயணத்தில் இல்லை. எங்கள் மாலைச் செபமாலையில் இடம் பெற்றுவிட்டது.

செல்லுலார் சிறையை முதல் நாளிலேயே வைத்தோம். 1896 முதல் 1906 வரை கட்டப்பட்ட அதில் 693 தனியறைகள். ஏழு கிளைகளாய் விரிந்த அக்கட்டடத்தில் ஒரு கிளையின் முகப்பு மறு கிளையின் முதுகையே நோக்கும்; ஒரு கைதி மற்றவரைக் காண இயலாது. இன்று எஞ்சியிருப்பவை மூன்று கிளைகள். "சந்தோஷமாகப் போகிற இடத்தில் முதல் நாளே சிறையா?" என்றாள் மகள். அதைக் கண்டபின் கடலைக் கண்டால், விடுதலை பெற்றவர்களாய் அதைக் காண்போம் என்றோம்.

உண்மையான விவாதம் எழுந்தது பயண முகவரின் நிகழ்ச்சி நிரலால். அதில் ஒரு நாள் பாராடாங் தீவின் சுண்ணாம்புக் குகைகளுக்கு. "வழியில் ஜாரவா ஆதிவாசிகளைப் பார்க்கவும் வாய்ப்பு உண்டு" என்று தொலைபேசியில் அவர் ஆசை காட்டினார். அச்சாலை ஜாரவா மக்களின் காப்புக் காட்டை ஊடறுத்துச் செல்வது. சில நூறு பேரே உள்ள அம்மக்கள் 1998வாக்கில்தான் பகைமை விட்டு வெளியே வரத் தொடங்கினர். அடுத்த ஆண்டே தட்டம்மை அவர்களைத் தாக்கியது. காட்டினுள் செல்லும் சாலைப் பகுதிகளை மூட 2002இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டும் போக்குவரத்து நிற்கவில்லை. உணவுக்காக ஜாரவாப் பெண்களை ஆடவைத்த காணொளி 2012 சனவரியில் உலகையே தலைகுனிய வைத்தது. ஆங்கிலேயர் 1858இல் கைதிகளைக் குடியேற்றியபோது ஆயிரக்கணக்கில் வாழ்ந்த பெரிய அந்தமானியர், வந்தவர் கொணர்ந்த நோய்களாலும் பிற கேடுகளாலும் இன்று ஐம்பது பேரளவாய்க் குன்றிவிட்டதையும் எண்ணிப் பார்த்தோம்.

மகன் எளிதில் விடவில்லை. "படம் எடுக்கக் கூடாது, வண்டியை நிறுத்தக் கூடாது என்றுதான் சட்டம், போகக் கூடாது என்றில்லையே. தினமும் பேருந்துகளே போகின்றன. நம் ஒரு வண்டியால் என்ன ஆகிவிடும்? நாம் பார்க்கப் போவது குகைகளைத்தானே?" அவன் வாதத்தில் பொருள் இல்லாமல் இல்லை. வட அந்தமானில் வாழ்வோர்க்கு அச்சாலை மருத்துவமனைக்கும் சந்தைக்குமான வழி. அவர்களைக் குறைகூற நாம் யார்? ஆனால் நமக்கு அது தேவையன்று, வேடிக்கை. அம்மா சொன்னார்: "நம் வீட்டு முற்றத்து வழியாக வண்டி வண்டியாக ஊரார் வந்து, நம்மை எட்டிப் பார்த்துவிட்டு மட்டும் போனால் உனக்கு எப்படி இருக்கும்?" சற்று நேரம் எவரும் பேசவில்லை. பின் மகனே எழுதுகோலை எடுத்து அந்நாளை அடித்துவிட்டான். குகைகளைக் காணாத வருத்தம் அவனுக்கு உண்டு. அது சிறிய இழப்பன்று என்பதை நாங்களும் மறுக்கவில்லை.

தூய பவுல் கப்பல் உடைந்து மால்டா தீவில் கரையேறியபோது, மழையிலும் குளிரிலும் நடுங்கியவர்களுக்குத் தீவினர் தீ மூட்டி வரவேற்றனர் எனத் திருத்தூதர் பணிகள் கூறுகிறது. பவுல் குளிர் காய்ந்து வாளா அமரவில்லை. தாமும் சுள்ளிகள் பொறுக்கித் தீயில் இட்டார். விருந்தினர்க்கு இதைவிட நல்ல இலக்கணம் ஏது? நம்மால் இடக்கூடிய சுள்ளிகள் சிறியவையே: பவளத்தை மிதிக்காமலும் எடுத்து வராமலும் இருத்தல், நன்னீரைச் சிக்கனமாய்ப் பயன்படுத்தல், குப்பையை விட்டு வராதிருத்தல், கடைத்தெருவில் அடிமாட்டு விலைக்குப் பேரம் பேசாதிருத்தல்.

பாராடாங்குக்கென ஒதுக்கிய நாள் இப்போது வெறுமையாய் இருக்கிறது. அதை ஞாயிறாக மாற்றிக்கொண்டோம். அன்று காலை பேராலயத்தில் திருப்பலி. அதன்பின் எதையும் குறிக்கவில்லை. காட்டை வெட்டிச் சாலை போட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அடுத்த இருக்கையில் அமர்ந்திருக்கக்கூடும். மொழி தெரியாவிடினும், சமாதானம் பகிரும் வேளையில் கைகூப்பத் தெரியுமன்றோ!