தம்பிக்குச் சாப்பாடு, அக்காவுக்கு டப்பா

ஹாரோவில் வாடகை கட்டுப்படியாகவில்லை என்று, 2024 ஆகஸ்டில் என் மகள் வாட்ஃபோர்டுக்குக் குடி மாறினாள். சாமான் கட்டிக் கொடுக்க நானும் போயிருந்தேன். இரண்டு ஊருக்கும் சில மைல்தான் தூரம். ஆனால் ஹாரோ லண்டனைச் சேர்ந்தது, வாட்ஃபோர்டு சேராதது. அந்தக் கோடு எங்கள் சமையலறை வரை வரும் என்று யார் கண்டார்கள்?

பேத்தி நாலாம் வகுப்பு, பேரன் ஒன்றாம் வகுப்பு. புதுப் பள்ளியில் முதல் நாள் முடிந்து வந்ததுமே பேத்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"பாட்டி, தம்பிக்குச் சும்மா சாப்பாடு தர்றாங்க. எனக்கு மட்டும் ஏன் காசு கேக்கறாங்க?"

மாப்பிள்ளைதான் விளக்கினார். இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் இரண்டாம் வகுப்பு வரை எல்லாக் குழந்தைகளுக்கும் 2014 முதல் மதியச் சாப்பாடு இலவசம். லண்டனில் மட்டும் மேயர் அதை 2023 செப்டம்பரில் ஆரம்பப் பள்ளி முழுவதற்கும் நீட்டினார். வேல்ஸில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் உண்டு. ஸ்காட்லாந்தில் ஐந்தாம் வகுப்பு வரை. ராஜா என்னவோ ஒருவர்தான், பந்திதான் ஊருக்கு ஊர் வேறு!

என் மகள் சமாளித்துவிடுவாள். பக்கத்து வீட்டுக்காரியை நினைத்தால்தான் எனக்கு மனசு ஆறவில்லை. தனியாகப் பிள்ளை வளர்க்கிறவள். ஆபீஸ்களில் கூட்டிப் பெருக்கும் வேலை. அரசின் உதவித்தொகையும் வாங்குகிறாள். ஆனாலும், வரி போகச் சம்பளம் ஆண்டுக்கு 7,400 பவுண்டைத் தாண்டினால் பெரிய வகுப்புப் பிள்ளைக்கு இலவசச் சாப்பாடு கிடையாது என்று 2018-ல் ஒரு வரம்பு வைத்திருந்தார்கள். இவள் கொஞ்சம்தான் தாண்டியிருந்தாள். "வேலை நேரத்தைக் குறைச்சுக்கலாமான்னு பார்க்கிறேன்" என்றாளாம். இது என்ன கணக்கு, சொல்லுங்கள்! உதவித்தொகை வாங்கும் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் 2026 செப்டம்பர் முதல் தருவோம் என்று 2025 ஜூனில்தான் அறிவித்தார்கள்.

அவள் பையனும் என் பேத்தி வகுப்புதான். "அவன் டப்பால ரெண்டு ரொட்டித் துண்டுதான் பாட்டி."

எனக்கு 1982 ஞாபகம் வந்தது. எங்கள் கிராமத்தில் சத்துணவு தொடங்கியபோது ஒன்பது வயது வரைதான் தட்டு. எனக்குப் பதினொன்று. தம்பி சாப்பிட்டுவிட்டுக் கை மணக்க வருவான். நான் மோந்து பார்ப்பேன். பெரிய பிள்ளைகளுக்கும் சாப்பாடு வந்தது 1984-ல்தான்.

மறுநாள் பேத்தி டப்பாவில் இட்லி கூடுதலாக வைத்தேன். என் மகள் தடுத்தாள். "பள்ளிக்கூடத்துல பங்கு போடக் கூடாதும்மா. அலர்ஜின்னு பயப்படுவாங்க."

சரி, வீட்டில் யார் தடுப்பது? அந்தப் பையனுக்கு எது ஒத்துக்காது என்று தாயிடம் கேட்டுக்கொண்டேன். சாயங்காலம் பள்ளி விட்டதும் மூன்று பிள்ளைகளையும் ஒன்றாக உட்கார வைத்தேன். நாலு இட்லி சாப்பிட்டான். மிளகாய்ப் பொடியை மட்டும் தள்ளிவிட்டுத் தக்காளி சாஸ் கேட்டான். கொடுத்தேன்.