கொளத்தூர் நத்தைக்குக் கழிமுகத்துப் பசி!

சென்னையில் கொளத்தூர் என்றதும் அரசியல் செய்தி படிப்பவர்களுக்குத் தொகுதி ஞாபகம் வரும். வீட்டில் மீன்தொட்டி வைத்திருப்பவர்களுக்கோ கலர் மீன் கடைகள். வில்லிவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி செங்குன்றம் சாலைப் பக்கம் ஷேர் ஆட்டோ ஏறினால், கொஞ்ச தூரத்திலேயே கண்ணாடித் தொட்டிகள் தெரிய ஆரம்பித்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் கேட்கவே வேண்டாம். அப்பாவின் கையைப் பிடித்து இழுக்கும் பிள்ளைகள், ஆக்ஸிஜன் நிரப்பி ரப்பர் பேண்ட் போட்ட பாலிதீன் கவர்கள், பைக் பெட்ரோல் டேங்கின் மேல் உட்கார்ந்து வீட்டுக்குப் போகும் கோல்டு ஃபிஷ்கள்.

இங்கே விற்கும் கப்பி, மோலி, ஏஞ்சல், ஃபைட்டர் எல்லாம் பெரும்பாலும் பக்கத்து ஊர்க்காரர்கள்தான். கொளத்தூரிலும் சுற்றியிருக்கும் திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களிலும் சிமென்ட் தொட்டி கட்டி மீன் குஞ்சு பொரிக்க வைப்பது பல குடும்பங்களுக்குப் பிழைப்பு. பிறந்த நாளிலிருந்து மனிதன் போடும் தீனியைத் தின்று வளர்ந்தவை இவை. நம் வீட்டுக்கு வந்து டப்பாவைத் தட்டினாலே மேலே வந்துவிடும்.

ஆனால், அதே கடைகளில் ஓரமாக ஒரு சின்னத் தொட்டி இருக்கும். அதன் கண்ணாடியில் கட்டைவிரல் நகம் அளவுக்கு நத்தைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். வரிக்குதிரை மாதிரி கோடு போட்டவை, புலி வரி போட்டவை, ஓட்டில் குட்டிக் குட்டிக் கொம்பு முளைத்தவை. நெரைட் நத்தை என்று பெயர். நான் நின்றிருந்தபோது ஓர் அக்கா, மகளுக்காக இரண்டு வாங்கினார்.

“இதுக்கு என்னண்ணே போடணும்?”

“ஒண்ணும் போட வேணாம்மா. கண்ணாடியில இருக்கிற பாசியைத் தின்னுக்கும். உங்களுக்கும் தொட்டி கழுவுற வேலை மிச்சம்.”

கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. பாசி தின்பதில் இந்த நத்தையை அடித்துக்கொள்ள ஆளில்லை. பாசி தீர்ந்த பிறகு என்ன தின்னும் என்பதைத்தான் அவர் சொல்லவில்லை; அக்காவும் கேட்கவில்லை. சம்பளமில்லாத துப்புரவுத் தொழிலாளி கிடைத்த சந்தோஷத்தில் யாரும் அதைக் கேட்பதில்லை.

பிறகு வீட்டில் நடப்பது இதுதான். புதுத் தொட்டியில் முதல் சில வாரங்கள் பழுப்பாக ஒரு படலம் படியும். நத்தை அதை ஆசையாக மேயும். கண்ணாடி பளபளவென்று ஆகிவிடும். போதாததற்கு நாமும் ஸ்பாஞ்ச் வைத்துத் துடைப்போம். அதன்பின் நத்தை மெதுவாகிவிடும். ஒரே இடத்தில் நாள்கணக்கில் இருக்கும். மீன் தீனி போட்டால் அதன் மேலேயே ஏறிப் போகும், தின்னாது. பாசி வில்லை போட்டாலும் பல நத்தைகள் சீண்டுவதில்லை. ஆப்பிள் நத்தை வைத்திருப்பவர்களுக்கு இது புரியவே புரியாது. அது கீரை, கேரட், செத்த மீன் என்று எதையும் விடாது. இதுவோ சுத்தமான தொட்டியில், நல்ல தண்ணீரில், பட்டினி கிடக்கும். சத்தம் போடாத பிராணி என்பதால், ஓட்டுக்குள் உடம்பு சுருங்கிப்போவது நமக்குத் தெரிவதற்குள் வாரங்கள் ஓடிவிடும்.

‘வாய்க்கு ருசி பார்க்கும் நத்தை’ என்று இதைத் திட்டுகிறோம். அது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் திட்டத் தோன்றாது.

அதைப் பார்க்கக் கொளத்தூரிலிருந்து நகரத்தின் மறுகோடிக்குப் போக வேண்டும். ஈ.சி.ஆரில் முத்துக்காடு. படகுக் குழாமுக்கு வரும் கூட்டம் அப்படியே தண்ணீருக்குள் போய்விடும். நாம் கரைக்கற்களைப் பார்ப்போம். கடல் வாய் திறந்திருக்கும் மாதங்களில் இங்கே உப்புத் தண்ணீர் ஏறும், இறங்கும். மணல்மேடு மூடிவிட்டால் தேங்கி நிற்கும். இப்படி ஆறும் கடலும் கலக்கிற கழிமுகங்களும், அலையாத்திக் காடுகளும், அலை வந்து போகும் பாறைகளும்தான் நெரைட் குடும்பத்து நத்தைகளின் சொந்த ஊர். நம் தமிழ்நாட்டுக் கரையோரத்திலும் இந்தக் குடும்பத்து நத்தைகள் உண்டு.

நீர் வடிந்த நேரத்தில் ஒரு கல்லைத் தொட்டுப் பாருங்கள். வழுக்கும். அந்த வழுவழுப்புதான் சாப்பாடு. கண்ணுக்குத் தெரியாத பாசிகளும் நுண்ணுயிர்களும் சேர்ந்து கல்லின் மேல் போர்த்தியிருக்கும் மெல்லிய தோல். நத்தையின் நாக்கு ஓர் அரம் போன்றது. வரிசை வரிசையாக நுண்ணிய பற்கள். கல்லைச் சுரண்டிச் சுரண்டி அந்தத் தோலை வழித்துத் தின்பதற்கென்றே அமைந்த நாக்கு. மிதந்து வரும் உருண்டை அதற்குச் சாப்பாடாகவே தெரியாது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. பல வீடுகளில் இந்த நத்தை வந்த கொஞ்ச நாளில் கல்லிலும் மரக்கட்டையிலும் வெள்ளை எள் ஒட்டியது மாதிரி புள்ளிகள் வரும். நோய் என்று பயந்து போன் செய்பவர்கள் உண்டு. அது முட்டை. நல்ல தண்ணீரில் அதிலிருந்து குஞ்சு வளர்ந்து வராது. அதன் இளம்பருவத்துக்கு உப்பு கலந்த நீர் வேண்டும். அதனால் கப்பி மாதிரி இதைச் சிமென்ட் தொட்டியில் பெருக்க முடிவதில்லை. கடைக்கு வரும் நெரைட் நத்தைகளில் பெரும்பாலானவை எங்கோ ஒரு கழிமுகத்தில் கையால் பொறுக்கப்பட்டவை. கல்லை விட்டால் வேறு எதையும் தின்று பழகாதவை. நேற்றுவரை காட்டில் மேய்ந்ததன் முன்னால் பிஸ்கட்டை வைத்துவிட்டு, அடம் பிடிக்கிறது என்கிறோம்.

சரி, வழி என்ன? கல்லைச் சமைத்துக் கொடுப்பதுதான்.

நான் பார்த்ததிலேயே சுலபமான முறை இது. வழவழப்பான கூழாங்கற்கள் ஏழெட்டு எடுத்துக் கழுவிக்கொள்ளுங்கள். முத்துக்காட்டிலிருந்து அள்ளி வராதீர்கள். கூடவே என்னென்ன வரும் என்று சொல்ல முடியாது. ஓர் அகலமான டப்பாவில் போட்டு, தொட்டியில் தண்ணீர் மாற்றும்போது எடுக்கும் பழைய தண்ணீரை ஊற்றுங்கள். அதில்தான் பாசிக்கு உரம் இருக்கிறது. பால்கனியிலோ மாடியிலோ வெயில் படும்படி வையுங்கள். மே மாத வெயில் என்றால் அரை நிழல் போதும், இல்லாவிட்டால் தண்ணீர் கொதித்துவிடும். ஓரிரு வாரத்தில் கற்கள் பச்சை பிடிக்கும். இரண்டு கல்லைத் தொட்டிக்குள் வைப்பது, மேய்ந்து முடிந்ததும் எடுத்து மறுபடி வெயிலுக்கு அனுப்புவது, அடுத்த இரண்டை உள்ளே வைப்பது. நீளமாக முடி போல வளரும் பாசியை இது விரும்பாது. கல்லோடு ஒட்டிய மெல்லிய படலம்தான் வேண்டும்.

டப்பாவின் மேல் கொசுவலைத் துணி கட்டாயம். நின்ற தண்ணீரில் டெங்கு கொசு முட்டையிட்டால், நத்தை பிழைக்கும், நம் வீட்டுப் பிள்ளைகள் படுத்துவிடுவார்கள். மாநகராட்சி ஆய்வாளர் மாடியேறி வந்தால் பாசி வளர்க்கிறேன் என்ற விளக்கமெல்லாம் எடுபடாது.

வெயிலே வராத ஃபிளாட்டா? ரம்ஜானுக்கு இனிப்பு செய்யும் கடல்பாசியைக் கொஞ்சம் காய்ச்சி, அதில் ஸ்பைருலினா தூளைக் கலந்து கல்லின் மேல் மெல்லிசாகப் பூசி, இறுகவிட்டு உள்ளே வைக்கலாம். சர்க்கரை, உப்பு எதுவும் கூடாது. விளக்கணைத்த பிறகு வையுங்கள். இரவில்தான் இவை அதிகம் நடமாடும். காலையில் மிச்சமிருந்தால் எடுத்துவிட வேண்டும், தண்ணீர் கெட்டுப்போகும். வெந்நீரில் இரண்டு நிமிடம் போட்டெடுத்த வெள்ளரி, சுரைக்காய்த் துண்டுகளையும் முயன்று பார்க்கலாம். சில நத்தைகள் பழகிக்கொள்கின்றன. பல பழகுவதில்லை. அதை நம்பி இருக்க வேண்டாம்.

இவ்வளவும் முடியாதென்றால் குறைந்தபட்சம் தொட்டியின் பின்பக்கக் கண்ணாடியைத் துடைக்காமல் விடுங்கள். விருந்தாளிகள் பார்ப்பது முன்பக்கத்தைத்தானே!

தண்ணீர் விஷயத்தில் சென்னைவாசிகளுக்கு ஓர் அதிர்ஷ்டம். நாம் சலித்துக்கொள்ளும் போர் தண்ணீரின் கடினம் நத்தை ஓட்டுக்கு நல்லது. ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றினால் ஓடு அரித்துக் குழி விழும். அப்படி வீடுகளில் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கடல்நுரையில் ஒரு துண்டு போட்டு வைக்கலாம். கணவாயின் ஓடுதான் அது, முழுக்கச் சுண்ணாம்புச் சத்து. செம்பு மட்டும் ஆகவே ஆகாது. செப்புக் குடத்துத் தண்ணீரும் வேண்டாம், செம்பு கலந்த மீன் மருந்தும் வேண்டாம். மீனுக்கு மருந்தாவது நத்தைக்கு விஷம்.

வாங்கப் போகிறவர்களுக்கு: தொட்டி வைத்து இரண்டு மூன்று மாதமாவது ஆகியிருக்கட்டும். இருபது லிட்டருக்கு ஒரு நத்தை என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் பாசி தாங்காது. கண்ணாடியில் இறுக்கமாக ஒட்டியிருப்பதைக் கேளுங்கள். அடியில் மல்லாந்து கிடப்பது வேண்டாம். எடுக்கும்போது வெடுக்கென்று இழுக்காமல் பக்கவாட்டில் நகர்த்தி எடுக்கச் சொல்லுங்கள். இழுத்தால் அதன் பாதம் கிழிந்துபோகும். வீட்டில் மல்லாந்து விழுந்தால் நீங்கள்தான் புரட்டிவிட வேண்டும், பல நத்தைகளால் தானாகத் திரும்ப முடியாது. தொட்டிக்கு மூடி முக்கியம். அலை ஏறி இறங்கும் ஊர்க்காரர் என்பதால் தண்ணீரை விட்டு வெளியே நடந்து போகும் பழக்கம் உண்டு. காலையில் காணோம் என்றால் முதலில் டிவி ஸ்டாண்டின் கீழே தேடுங்கள்.

பச்சைக் கல் வைத்த மறுநாள் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பச்சைக்கு நடுவே வளைந்து வளைந்து ஒரு வெளுத்த கோடு போயிருந்தால், ராத்திரி சாப்பிட்டிருக்கிறது.