பாட்டு டீச்சரின் வருகைப் பதிவேடு

ஜூன் 16

வரும் 22-ஆம் தேதி கர்நாடக இசைக் கலைஞர் பாறசாலை பொன்னம்மாளின் நினைவு நாள். 2021-இல், 96 வயதில் மறைந்தார். அவரைப் பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது: 2006 நவராத்திரியில், திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலை ஒட்டிய நவராத்திரி மண்டபத்தில் பாடிய முதல் பெண். அடுத்து 2017-இல் பெற்ற பத்மஸ்ரீ. பிறகு, இடமும் பொறுமையும் மிச்சம் இருந்தால், அவர் பல தலைமுறைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார் என்று இரண்டு வரி. இந்த வரிசை தலைகீழாக இருக்கவேண்டும் என்பது என் கட்சி. எண்பது வயதைக் கடந்தவர் ஒரு மாலை நேரம் மண்டபத்தில் பாடியது பெரிய செய்திதான். ஆனால் அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு மேல் முன்னால், பதினெட்டு வயதில், அதே நகரத்தின் காட்டன் ஹில் பெண்கள் பள்ளியில் அவர் பாட்டு டீச்சராகச் சேர்ந்தாரே, இந்த ஊரின் இசை வரலாற்றில் அதற்குத்தான் கனம் அதிகம். அன்று அது செய்தியாகவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒருவர் வேலைக்குச் சேர்வதை யார் செய்தியாக்குவார்கள்? வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர் கூடியிருக்கும், அவ்வளவுதான். இதை நிறுவ முடியுமா என்று சில நாட்கள் எழுதிப் பார்க்கலாம்.

ஜூன் 17

முதலில் காலத்தைச் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும். 1939-இல் திருவனந்தபுரத்தில் இசை அகாதமி தொடங்கியபோது அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். அவருக்குப் பின் வந்த செம்மங்குடி ஸ்ரீனிவாச ஐயர் 1963 வரை இருந்தார், அடுத்து ஜி.என். பாலசுப்பிரமணியம் வந்தார். இன்று அதைச் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரி என்கிறோம். மூன்று பேரும் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவரப்பட்டவர்கள். மகாதேவ ஐயரின் மகளாக 1924-இல் பிறந்த பொன்னம்மாள்தான் அந்த அகாதமியின் முதல் மாணவி. கானபூஷணம் பட்டயம் பெற்றுப் பள்ளி ஆசிரியையானார். பின்னர் தாம் படித்த கல்லூரியிலேயே முதல் பெண் ஆசிரியர். கடைசியில் திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. இசைக் கல்லூரியின் முதல்வராக இருந்து ஓய்வு பெற்றார். இந்தப் படிகள் ஒவ்வொன்றும் பாடத்திட்டம், தேர்வு, சான்றிதழ், சம்பளம், பணிமூப்பு என்ற அலுப்பூட்டும் விஷயங்களால் ஆனவை. இசை விமர்சகர்களுக்கு இவற்றைக் கண்டால் ஆகாது. ஆனால் ஒரு பெண் இசையை வாழ்நாள் தொழிலாகக் கொள்ளக் குடும்பச் செல்வமோ சபா செயலாளரின் தயவோ தேவைப்படாத ஒரு வழியை இந்த அலுப்பூட்டும் விஷயங்கள்தான் போட்டுக்கொடுத்தன. அகாதமியின் கதவு அவருக்கு 1940-களின் தொடக்கத்தில் திறந்தது. மண்டபத்தின் கதவு 2006-இல் திறந்தது. இரண்டும் ஒரே நகரத்தில், நடந்து போகும் தொலைவில் இருக்கின்றன. இந்த இடைவெளிக்கு மண்டபத்தின் மரபுதான் பதில் சொல்ல வேண்டும். பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும் சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் வேளிமலைக் குமாரசுவாமியோடு ஆண்டுதோறும் எழுந்தருளும் நவராத்திரி விழா அது. வருகிற மூவரில் இருவர் பெண் தெய்வங்கள் என்பதைக் குறித்துக்கொண்டு மேலே போகிறேன்.

ஜூன் 18

நேற்று எழுதியதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. அதே காலத்தில் சென்னையில் எம்.எஸ். சுப்புலட்சுமி, டி.கே. பட்டம்மாள், எம்.எல். வசந்தகுமாரி ஆகியோர் பள்ளிக்கூட வேலை எதையும் நம்பாமல் மேடையில் நின்று வென்றார்களே? வகுப்பறைதான் வழி திறந்தது என்று எப்படிச் சொல்வது? மறுப்பு நியாயமானது. பதில் அவர்களுடைய வாழ்க்கையிலேயே இருக்கிறது. எம்.எஸ்.ஸுக்கு வீணை வாசித்த தாய் மதுரை சண்முகவடிவு இருந்தார். வசந்தகுமாரிக்குத் தாய் லலிதாங்கி இருந்தார். வீட்டிலேயே இசை இருந்தவர்களுக்கு வகுப்பறை தேவைப்படவில்லை. மேடைக் கச்சேரி வழக்கமில்லாத குடும்பத்திலிருந்து வந்த பட்டம்மாளின் கதை வேறு. காஞ்சிபுரத்தில் அவர் படித்த பள்ளியின் தலைமை ஆசிரியை அம்முக்குட்டி அம்மாள் நாடகத்தில் பாடவைத்து, அந்தக் குரலை வெளியுலகம் கவனிக்கச் செய்து, தயங்கிய தந்தையைச் சம்மதிக்கவைத்ததால்தான் சிறுமி பட்டம்மாளின் இசைத்தட்டு வெளிவந்தது. ஆக, வீட்டு வழியில்லாத இடத்தில் பள்ளி வழி வந்து நிற்கிறது. மறுப்புக்குக் கொண்டுவந்த சான்றே என் பக்கம் சாய்கிறது.

இன்னும் தெளிவான சான்று நெய்யாற்றின்கரை வாசுதேவன். ஏழைத் தலித் குடும்பத்தில் பிறந்தவர். சுவாதித் திருநாள் கல்லூரியில் படித்தவர். பொன்னம்மாளின் மாணவர்கள் என்று சொல்லும்போது முதலில் வரும் பெயர்களில் ஒன்று அவருடையது. பிறகு ஆர்.எல்.வி.யில் ஆசிரியர், திருவனந்தபுரம் வானொலியில் கலைஞர், 2004-இல் பத்மஸ்ரீ. அவர் பிறந்த காலத்துக் குருகுலம் ஒன்றின் திண்ணையில் அவருக்கு எந்த இடம் கிடைத்திருக்கும் என்று யோசித்தால் போதும். நல்ல மனம் படைத்த குரு ஒருவர் அவரைச் சேர்த்திருக்கலாம். ஆனால் ஒருவருடைய நல்ல மனத்தை நம்பி ஒரு சமூகம் முழுவதும் காத்திருக்க முடியாது. கல்லூரியில் நுழைவுத் தேர்வு இருந்தது. பாடத் தெரிந்தால் சேரலாம். சேர்ந்தவரின் பெயரை ஆசிரியர் நாள்தோறும் அழைத்தாக வேண்டும்.

ஜூன் 20

இரண்டாவது மறுப்பு வித்வான்களிடமிருந்து வருவது: நாற்பது பேரை உட்காரவைத்து மணியடித்துச் சொல்லிக்கொடுக்கிற சங்கதியா இசை? குருவின் மடியோடு மடியாக இருந்து, பாடாந்தரம் காதில் ஏறி, வருஷக்கணக்கில் ஊறி வருவதல்லவா? கச்சேரிப் பாடகரை உருவாக்குவது பற்றித்தான் பேச்சு என்றால் இதை முழுவதும் ஒப்புக்கொள்கிறேன். பொன்னம்மாளே முத்தையா பாகவதர், செம்மங்குடி போன்றவர்களிடம் நேராகக் கேட்டுக் கற்றவர்தான். வாரத்தில் ஒன்றிரண்டு பாடவேளையில் தோடி ஆலாபனை வராது. ஆனால் பள்ளிப் பாட்டு டீச்சரின் வேலை தோடி பாடுபவரை உருவாக்குவது இல்லையே. சுருதியில் நிற்கவும், தாளம் விடாமல் போடவும், இன்னொருவர் பாடும்போது வாயை மூடிக் கேட்கவும் ஒரு வகுப்பு முழுவதையும் பழக்குவது அந்த வேலை. இதற்கு நம் மரபிலேயே ஒரு கருவி தயாராக இருக்கிறது. புரந்தரதாசர் வகுத்தார் என்று போற்றப்படும் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம் என்ற படிவரிசையைப் பாருங்கள். தொடக்கம் முழுவதும் மாயாமாளவகௌளை என்ற ஒரே ராகம். மூன்று வேகம். முன்னே போகிறவன் மூன்றாம் காலத்தில் பாட, தடுமாறுகிறவன் முதல் காலத்தில் கூடவே வரலாம், தாளம் இருவரையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். பல தரத்துப் பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துக் கற்பிக்க இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை இன்றைய பாடத்திட்ட நிபுணர்கள் கூட்டம் போட்டாலும் கண்டுபிடிப்பது சிரமம்.

ஹங்கேரியின் இசையமைப்பாளர் ஸோல்தான் கோடாய் இதே வாதத்தை 1929-இல் குழந்தைகளின் சேர்ந்திசை பற்றிய கட்டுரையில் முன்வைத்தார். ஒரு சிற்றூர்ப் பள்ளியின் பாட்டு ஆசிரியர் யார் என்பது புடாபெஸ்ட் இசை நாடக அரங்கின் இயக்குநர் யார் என்பதைவிட முக்கியமானது என்பது அதன் சாரம். அரங்கின் இயக்குநர் மோசமானவரானால் ஓராண்டில் தெரிந்துவிடும், மாற்றிவிடலாம். பள்ளி ஆசிரியர் மோசமானவரானால் முப்பது ஆண்டுகள் வரிசையாக வருகிற பிள்ளைகளிடம் இசை மீதான ஆசையையே அழித்துவிட்டுப் போவார். சொன்னதோடு அவர் நிற்கவில்லை. 1950-இல் அவருடைய சொந்த ஊரான கெச்கெமேத்தில் நாள்தோறும் இசை கற்பிக்கும் தொடக்கப் பள்ளி தொடங்கியது. இந்த வாதத்தை இசையறியாத கல்வி அதிகாரி ஒருவர் எழுதியிருந்தால் வித்வான்கள் புறந்தள்ளலாம். எழுதியவர் அந்த நாட்டின் முதல்தர இசையமைப்பாளர்.

ஜூன் 22

இன்று நினைவு நாள். இந்த நாளில் எழவேண்டிய கேள்வியும் கடினமானதே: இவ்வளவு திறமை கொண்டவரைப் பதினெட்டு வயதில் பள்ளி வேலையில் உட்காரவைத்தது விரயம் இல்லையா? ஓர் ஆண் வித்வானாக இருந்திருந்தால் இருபதுகளிலேயே டிசம்பர் மேடைகளில் பாடியிருப்பார், நமக்கு ஐம்பது ஆண்டுப் பதிவுகள் கிடைத்திருக்கும். பெண் என்பதால் கற்பித்தல் என்ற ஓரத்துக்குத் தள்ளப்பட்டார், அந்த ஓரத்தையே நீங்கள் மாலை போட்டு மையம் என்கிறீர்கள் என்று ஒருவர் சொன்னால், அதில் பாதி உண்மை. அவருக்குக் கிடைத்திருக்கவேண்டிய மேடைகள் கிடைக்கவில்லை. அது இழப்பு, அநீதியும்கூட. அதை ஆசிரியத் தொண்டின் பெருமையால் ஈடுகட்டிக் காட்டக்கூடாது. ஆனால் அநீதியால் கிடைத்த இடத்தில் ஒருவர் செய்த வேலையைச் சிறிதாக எண்ணினால் அவருக்கு மறுபடியும் அநீதி செய்தவர்களாவோம்.

அந்த வேலை எங்கெல்லாம் போய்ச் சேர்ந்தது என்று பார்க்கலாம். பொன்னம்மாளிடம் கற்றவர்களில் எம்.ஜி. ராதாகிருஷ்ணன் ஒருவர். திரைப்பட இசையமைப்பாளராக அவர் பெயர் பெற்றது பின்னால். திருவனந்தபுரம் வானொலியில் அவர் நடத்திய லளித சங்கீத பாடம், ஒரு பாட்டை வரிவரியாகச் சொல்லிக்கொடுத்து, வீட்டில் இருந்தவர்களைத் திரும்பப் பாடவைத்த நிகழ்ச்சி. மெல்லிசைக்கு ஒரு வகுப்பறையைக் காற்றலையில் கட்டிவிட்டார். அவருடைய தங்கை முனைவர் கே. ஓமனக்குட்டியும் பொன்னம்மாளின் மாணவியருள் ஒருவர், அவரும் கல்லூரியில் இசைப் பேராசிரியராகவே பணியாற்றியவர். அவரிடம் கற்றவர் கே.எஸ். சித்ரா. தமிழ்நாட்டில் சித்ராவின் குரல் கேட்காத தேநீர்க் கடை ஒன்றைக் காட்ட முடியுமா? கர்நாடக சங்கீத மேடையில் இன்று பாடிவரும் அம்ருதா வெங்கடேஷும் பொன்னம்மாளிடம் பாடம் கேட்டவர். திரைப்பாட்டு, வானொலி, கச்சேரி மேடை, பல்கலைக்கழகம் என்று நான்கு திசையில் போன கிளைகள் இவை. மேடையில் மட்டுமே வாழ்ந்த ஒரு கலைஞருக்கு ரசிகர்கள் கூடியிருப்பார்கள், நகல் எடுப்பவர்களும் கூடியிருப்பார்கள். இப்படி வேறுவேறு துறைகளில் வேறுவேறு குரல்கள் முளைத்திருக்குமா என்பது சந்தேகம். பெயர் தெரிந்தவர்களை மட்டும் சொல்லியிருக்கிறேன். காட்டன் ஹில்லில் பாட்டு வகுப்பில் உட்கார்ந்துவிட்டுப் பிறகு குமாஸ்தாவாகவும் செவிலியாகவும் அம்மாவாகவும் போன பெண்களை எந்தக் கட்டுரையும் பட்டியலிடப் போவதில்லை. சபாக்களின் பின்வரிசைகளை நிரப்பியவர்கள் அத்தகையவர்கள்தான்.

ஜூன் 25

2006-ஐ நான் குறைத்துப் பேசுவதாகத் தோன்றலாம். அரச குடும்பத்து இசைக் கலைஞர் ராம வர்மா முன்கை எடுத்து அவரை மண்டபத்துக்கு அழைத்தது துணிவான செயல். அதற்குப் பிறகு பெண்கள் அங்கே பாடி வருகிறார்கள், அந்த வாசல் இனி மூடாது. ஆனால் அன்று ஏன் அவரை அழைத்தார்கள்? அந்த மண்டபத்தில் சுவாதித் திருநாளின் நவராத்திரிக் கிருதிகளை, நாளுக்கொரு ராகமாக, முறை வழுவாமல் பாடவேண்டும். மரபைக் காக்க நினைப்பவர்கூட மறுத்துப் பேச முடியாத அளவுக்கு அந்தக் கிருதிகளில் ஆழமும் ஊரில் மதிப்பும் உள்ள ஒருவர் தேவைப்பட்டார். அந்த மதிப்பு கைத்தட்டலில் வந்ததில்லை. அந்த ஊரில் பாடுகிறவர்களில் பலர் அவருக்கோ அவருடைய மாணவருக்கோ மாணவர்களாக இருந்ததால் வந்தது.

பள்ளிப் பாட்டு டீச்சரின் வேலையை மாநிலப் பள்ளிக் கலோத்சவம் என்ற கலைப் போட்டி விழாவே செய்துவிடுகிறதே என்பார்கள் கேரளத்தில். 1957-இல் தொடங்கிய விழா. 1958-இல் வாய்ப்பாட்டில் யேசுதாஸும் மிருதங்கத்தில் ஜெயச்சந்திரனும் முதல் பரிசு பெற்றது அதன் புகழ்மிக்க கதை. 2025 ஜனவரியில் இதே நகரத்தில் 63-ஆவது விழா நடந்தது. அதன் சிறப்பை மறுக்க மாட்டேன். ஆனால் போட்டி நல்ல குரலைத் தேடி எடுக்கிறதே தவிர, வகுப்பில் மீதி உட்கார்ந்திருக்கிற முப்பத்தொன்பது பேருக்கு எதுவும் கற்றுத்தருவதில்லை. கருணை மதிப்பெண்ணுக்காகத் தனிப்பயிற்சி வைத்து ஒரே ஒரு பாட்டை மெருகேற்றிக்கொண்டு வருகிற வழக்கமும் கூடவே வளர்ந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் நிலைமை இன்னும் மோசம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், நூறு பிள்ளைகளுக்கு மேல் உள்ள நடுநிலை வகுப்புகளுக்குக் கலைக் கல்வி பயிற்றுநர் வேண்டும் என்கிறது, ஆனால் பகுதிநேரமாக. அதன்படி 2012-இல் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி முதலியவற்றுக்கு 16,549 பேரை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். நிரந்தரமாக்கக் கோரி அவர்கள் பலமுறை தெருவில் உட்கார்ந்துவிட்டார்கள். பணிப் பாதுகாப்பில்லாத ஒருவரிடம் முப்பதாண்டுச் செல்வாக்கை எதிர்பார்க்க நமக்கு உரிமையில்லை. பதினெட்டு வயதில் கிடைத்த நிலையான வேலைதான் பொன்னம்மாளை இந்தத் துறையிலேயே நிறுத்திவைத்தது. பள்ளிகள் திறந்துவிட்ட மாதம் இது. அடுத்த பெற்றோர் ஆசிரியர் கூட்டத்துக்குப் போகிறவர்கள், கணிதத்துக்கும் அறிவியலுக்கும் ஆசிரியர் இருக்கிறாரா என்று கேட்டு முடித்ததும், பாட்டு டீச்சர் பணியிடம் இருக்கிறதா, நிரந்தரமாக நிரப்பப்பட்டிருக்கிறதா என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாருங்கள்.