பூட்டனாரைத் தேடி வடக்கன்குளத்துக்கு

காவல்கிணற்றில் பேருந்தினின்று இறங்கியதும் ஆடிக்காற்று எம் அங்கியைப் பற்றி இழுத்தது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் காற்று அது. சாலையின் இருமருங்கும் காற்றாலைகள் சுழன்றுகொண்டிருந்தன. உடன் வந்தவர் எம் பெரியப்பாவின் மூத்த மகன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எம்மைவிடப் பத்தாண்டு மூத்தவராயினும், குருப்பட்டம் பெற்ற நாள்முதல் எம்மைச் 'சாமி' என்றே அழைப்பவர். குடும்ப வரலாறு எழுதப் புறப்பட்ட அண்ணன், நீண்ட குறிப்பேடொன்றை மார்போடு அணைத்திருந்தார்.

அன்பு வாசகர்களே, உங்கள் இல்லங்களிலும் ஒரு கதை இருக்கும். எம் இல்லத்துக் கதை இது. 1745 மே 14 அன்று, திருவிதாங்கூர் அரசில் அலுவல் பார்த்த நட்டாலம் நீலகண்டபிள்ளை, எல்லை கடந்து வடக்கன்குளம் வந்து, பரஞ்சோதிநாதர் எனத் தமிழில் வழங்கப்பெற்ற புத்தாரி சுவாமியின் கையால் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அவ்வேளையில் எம் முன்னோர் ஒருவர் மெழுகுதிரி ஏந்தி அருகில் நின்றாராம்! பாட்டியார் இதைச் சொல்லும்போது, திரியின் நீளத்தையும் கையால் அளந்து காட்டுவார்.

குளச்சல் போரில் 1741 இல் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய்தான் நீலகண்டருக்கு யோபுவின் துன்பத்தை எடுத்துரைத்து விசுவாசத்துக்கு வழிகாட்டினார். ஏழாண்டுகளுக்குள், 1752 சனவரி 14 அன்று, தேவசகாயம் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர்தம் எலும்புகள் கோட்டாற்றுச் சவேரியார் கோவிலில் அடக்கம் பெற்றன. இத்தகையவர் அருகே திரி ஏந்தியவர் எம் குலத்தவர் என்றால் பெருமை இராதா?

பங்குக் குரு அன்போடு பழைய பதிவேடுகளை எடுத்து வைத்தார். திரிதெந்தீன் பொதுச்சங்கம் 1563 இல் திருமணப் பதிவேட்டைக் கட்டாயமாக்கியதையும், 1614 இல் வெளிவந்த உரோமைச் சடங்கு நூல் பதிவு முறைகளை வகுத்ததையும் குருமடத்தில் படித்திருக்கிறோம். அன்று தேர்வுக்காகப் படித்தோம். அதன் அருமை இப்போதுதான் விளங்கிற்று. தாள்கள் பழுத்து ஓரம் உதிர்ந்தன. இலத்தீனில் நாள், பெற்றோர், ஞானத்தாய் தந்தையர் என ஒவ்வொன்றாய் எழுதப்பட்டிருந்தன. தமிழ்ப் பெயர்களை ஐரோப்பியக் குருக்கள் செவிக்கு எட்டியவாறு எழுதியதால், ஒரே மனிதர் மூன்றிடங்களில் மூன்று பெயராய் நின்றார். எம் கண்ணுக்கு அகப்பட்ட முன்னோருள் மிகப் பழையவர் 1847 இல் மகனுக்கு ஞானஸ்நானம் கொடுப்பித்தவர். அதற்கு முன்னே வழி அடைபட்டது. மெழுகுதிரி ஏந்தியவர் அகப்படவில்லை. அண்ணனின் முகம் வாடிற்று.

நண்பகலில் கோவிலுள் சென்று அமர்ந்தோம். 1872 இல் அர்ச்சிக்கப்பட்ட அக்கோவிலில் இரு நடைக்கூடங்கள் பீடத்தருகே வந்து கூடுமாறு கட்டினார்கள். வேளாளர் ஒருபுறம், நாடாரும் பிறரும் மறுபுறம், இடையே சுவர்! கால்சட்டைக் கோவில் என்று ஊரார் நகைத்தனர். 1910 இல் கௌசானல் சுவாமி அச்சுவரை இடித்தார். சினந்த வேளாளர் வழக்காடினர். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம்வரை சென்றது. சுவர் வேண்டுமென்றோர் தோற்றனர்.

மாலையில் எம் அத்தை வீட்டுக்குச் சென்றோம். எண்பது கடந்த அத்தை பனங்கற்கண்டுப் பால் கொடுத்து, கட்டிலின் அடியில் இருந்த தகரப் பெட்டியை இழுக்கச் சொன்னார். செபப் புத்தகங்கள், நிலப் பத்திரங்கள், இவற்றின் அடியில் ஒரு பேரேடு. அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார். 'கோவில் வழக்குச் செலவுக்கு' என்ற தலைப்பின்கீழ்ப் பெயர்கள் வரிசையாய் இருந்தன. நான்காவது பெயர் எம் பூட்டனாருடையது. இருபத்தைந்து ரூபாய் கொடுத்திருக்கிறார். அக்காலத்தில் அது சிறு தொகையன்று. எவ்வழக்கு, எப்பக்கம் என்பதில் ஐயமில்லை.

நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை. "சாமி, இதைப் போட வேண்டாம்" என்றார் அண்ணன். "பிள்ளைகள் படிக்கிற புத்தகம்."

"திரி ஏந்தியவரைப் போடுவீர்களா, அண்ணே?"

"அது பாட்டி சொன்னது."

"இது பூட்டனார் தம் கையாலே எழுதியது."

எமக்கும் நா கூசத்தான் செய்தது. 2022 மே 15 அன்று உரோமையில் தேவசகாயம் புனிதராக உயர்த்தப்பட்டபோது, பிள்ளை என்னும் சாதிப் பட்டத்தை விலக்கியே அவர் பெயர் அறிவிக்கப்பட்டது. அந்நாளில் எம் உறவினர் சிலர் மனம் வருந்தியதை நாம் அறிவோம். அவர்களிடம் நாம் உரத்துப் பேசவில்லை. வீட்டு விருந்தில் எதற்கு வாக்குவாதம் என்று பாயசத்தை உண்டு எழுந்துவிட்டோம். பூட்டனார் இருபத்தைந்து ரூபாய் கொடுத்தார். நாம் ஒரு குவளைப் பாயசத்தோடு முடித்துக்கொண்டோம்.

அத்தைக்குக் காது சற்று மந்தம். என்ன பேச்சு என்று கேட்டார். அண்ணன் உரக்கச் சொன்னார். "ஆமாடே, தாத்தா கொடுத்தாக" என்றார் அத்தை, வியப்பின்றி. "பிறகு ஒரு வருசம் கோவிலுக்கே போகல. பாட்டிதான் பிள்ளைகளைக் கூட்டிட்டு, சுவர் இருந்த இடத்திலேயே போய் முழங்கால் போட்டாக. அதை எந்த ஏட்டிலும் எழுதி வைக்கல."

அண்ணன் குறிப்பேட்டை விரித்தார். பாட்டியார் பெயரைக் கேட்டு மையால் எழுதினார். பூட்டனாரின் இருபத்தைந்து ரூபாயையும் அதன்கீழே எழுதினார், ஆனால் பென்சிலால். கடைசிப் பேருந்துக்கு நேரமாயிற்று என்று நாம் எழுந்தோம்.