தாழ்ந்த காருக்கு ஒரு ஜாக்கி

கார் வாங்கின கதை எழுதினா பந்தா பண்றான்னு சொல்லுவீங்க. அதனால ஜாக்கி வாங்கின கதையைச் சொல்றேன்.

போன வருஷம் பழசா ஒரு சான் ஸ்டார்ம் வாங்கினேன். பலருக்கு இந்தப் பேரே தெரியாது. நம்ம பெங்களூரு சான் மோட்டார்ஸ் கம்பெனி போட்ட ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார். ரெனோ இஞ்சின், 1,149 சிசி. ஃபைபர் பாடி. இப்போ தயாரிப்புல இல்லை. நாமக்கல்லுல லாரிப் பட்டறை சத்தத்துல வளர்ந்து, பதினெட்டு வருஷமா ஒயிட்ஃபீல்டுல பொட்டி தட்டுறவனுக்கு இது ஒரு சின்ன வயசு ஆசை. "நாலு பேர் இருக்கற வீட்டுக்கு ரெண்டு சீட்டு காரா?"ன்னு தங்கமணி கேட்ட கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் கிடைக்கலை :-)

ஒரு ஞாயித்துக்கிழமை காலையில பேஸ்மென்ட்டுக்குப் போனா, முன்பக்க டயர் காத்து இறங்கிப் படுத்துக் கிடக்கு. பழைய ஓனர் ஜாக்கி தரலை. பக்கத்து வீட்டுக்காரர் தன்னோட ட்ராலி ஜாக்கியைக் கொண்டு வந்தார். அது அடியில நுழையவே மாட்டேங்குது. டேப் வெச்சு அளந்தேன். முழுசா இறக்கின ஜாக்கி 135 மில்லிமீட்டர். வண்டிச் சட்டத்துக்கும் தரைக்கும் நடுவுல இருந்தது 95. நல்ல டயர் இருக்கற பக்கம் அதே இடம் 140. அப்பதான் உறைச்சது. டயர்ல காத்து இருக்கறப்ப அளந்து ஜாக்கி வாங்கக்கூடாது. ஜாக்கி வேணும்னு வர்றதே காத்து போனப்புறம்தானே!

அன்னைக்கு ரெண்டு இஞ்ச் பலகையை டயருக்கு முன்னாடி வெச்சு, மெதுவா வண்டியை அது மேல ஏத்தி, எப்படியோ சமாளிச்சாச்சு. அடுத்த சனிக்கிழமை நேரா ஜே.சி. ரோடு. கார் சாமான்னா பெங்களூருல முதல்ல அங்கதான். கடைக்காரர் கன்னடத்துல ஆரம்பிச்சவர், நான் அப்பாகிட்ட போன்ல பேசறதைக் கேட்டதும் சுத்தத் தமிழுக்கு மாறிட்டார்.

"எத்தனை டன் வேணும்?"னுதான் எல்லாரும் கேப்பாங்களாம். நம்ம வண்டிக்கு ரெண்டு டன்னே தாராளம். பாக்க வேண்டியது வேற. ஒண்ணு, இறக்கினா எவ்வளவு உயரம். லோ ப்ரொஃபைல் ஜாக்கின்னா 75லருந்து 85 மில்லிமீட்டருக்குள்ள இருக்கும். ரெண்டு, ஏத்தினா எவ்வளவு போகும். இதைத்தான் பலர் விட்டுடறாங்க. ஜாக்கி தூக்கத் தூக்க ஸ்பிரிங் நீண்டு சக்கரம் கீழேயே தொங்கும். அதனால பாடி நல்லா மேல போனாத்தான் சக்கரம் தரையை விடும். மூணு, மேல வைக்கிற ரப்பர் கட்டை. அதுவும் கொஞ்சம் இடத்தைத் தின்னுடும், கணக்குல சேத்துக்கணும். நாலு, ஜாக்கியோட நீளம். மூக்கு தாழ்ந்த வண்டியில ஜாக்கி ரொம்ப உள்ள போகணும். குட்டையா இருந்தா கைப்பிடி பம்பர்ல இடிச்சு, அடிக்கவே முடியாது. ஃபைபர் பாடியில வெச்சா பாடிதான் உடையும், இரும்புச் சட்டத்துலதான் வைக்கணும்.

80 மில்லிமீட்டர் ஜாக்கி ஒண்ணை வாங்கிட்டு அப்பாவுக்குப் பெருமையா போன் பண்ணேன்.

"ஸ்டாண்டு வாங்குனியா கண்ணு?"

"டயர் மாத்தத்தானுங்கப்பா. அது எதுக்கு?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், நான் அதுவரைக்கும் கேக்காத ஒரு விஷயத்தைச் சொன்னார். எண்பதுகள்ல சங்ககிரியில ஒரு பட்டறை. அப்பாவோட வேலை பாத்த ஒரு பையன், பதினாறு வயசு. ஜாக்கியை மட்டும் நம்பி லாரிக்கு அடியில படுத்திருக்கான். சீல் போய், எண்ணெய் கசிஞ்சு... "நான்தான் போய்ப் பாருடான்னு சொன்னேன்"னார். "ஜாக்கி தூக்கறதுக்கு, சாமி. தாங்கறதுக்கு இல்ல."

திரும்பிப் போய் ரெண்டு ஸ்டாண்டும் வாங்கினேன். இங்கதான் அந்த ரெண்டாவது கணக்கு உதவுச்சு. ஸ்டாண்டு ஒரு அடி உயரம். அதுக்கு மேல தூக்காத ஜாக்கியை வெச்சு என்ன பண்றது?

மறுநாள் சமதளமான இடம் பாத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கல் குடுத்து வண்டியைத் தூக்கினேன். ட்ராலி ஜாக்கி தூக்கறப்ப தானும் கொஞ்சம் உருளும். அதனால கெட்டியான, சுத்தமான தரை வேணும். ஸ்டாண்டை எடுக்கத் திரும்பினேன். அந்த அஞ்சு செகண்டுல சின்னவன் டார்ச்சோட தலையை அடியில விட்டுட்டான். நான் போட்ட சத்தத்துல வாட்ச்மேன் ஓடி வந்துட்டார். எட்டு வருஷத்துல அவன்கிட்ட அப்படிக் கத்தினது இல்லை. அழுதுட்டே மேல போயிட்டான்.

ராத்திரி தாத்தாகிட்ட போனைக் குடுத்தேன். என்ன பேசினாங்கன்னு ரெண்டு பேரும் சொல்லலை.

போன வாரம் ஓசூர் ரோட்டுல ஒரு பஞ்சர் கடை. ஒரு வேனை ஜாக்கியில நிறுத்திட்டு, கடைப்பையன் அடியில கையை விட்டுட்டு இருந்தான். சின்னவன் நேரா கடைக்காரர்கிட்ட போய், "அங்கிள், ஸ்டாண்டு இல்லையா?"ன்னு கேட்டான். எனக்குக் கூச்சமாப் போச்சு. அவர் சிரிச்சார். சிரிச்சுட்டே அந்தப் பையனை வெளிய வரச்சொல்லி, ஒரு பெரிய மரக்கட்டையை உருட்டிட்டு வந்து வண்டிக்கு அடியில முட்டுக் குடுத்தார்.