எளாவூரில் நின்ற வீட்டு வண்டி

சென்னையிலிருந்து ஆந்திராவுக்குப் போகும் பெரிய சாலையில் சுமார் 50 கிலோமீட்டர் போனால் எளாவூர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் தொழிற்சாலைகளைத் தாண்டி வரும் சிறிய ஊர். அடுத்து ஆரம்பாக்கம், அதோடு தமிழ்நாடு முடிந்து தடா வந்துவிடும். 2010ல் இந்தச் சாலைக்கு 16 என்று எண் மாற்றினார்கள். பழைய ஆட்களுக்கு அது இன்னும் 5ஆம் நம்பர் ரோடுதான். சோதனைச் சாவடியால் பெயர் பெற்ற ஊர் என்பதால், எளாவூர் என்றாலே லாரிகள்தான் ஞாபகம் வரும். லாரி நிற்கிற இடத்தில் டீக்கடையும் பஞ்சர் கடையும் மெக்கானிக்கும் இருப்பார்கள் அல்லவா? அதுதான் எங்களுக்குக் கை கொடுத்தது.

என் கொழுந்தனார் ஒரு பழைய வேனை வீடு மாதிரி மாற்றி வைத்திருக்கிறார். இரண்டு பெஞ்சும் ராத்திரியில் படுக்கையாகிவிடும். ஒரு மூலையில் கேஸ் அடுப்பு, பின்பக்கம் 200 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, கூரை மேல் பெட்டி படுக்கைகள். 2021ல் கேரள அரசு இந்த மாதிரி கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கை கொண்டு வந்தபோது அவருக்கு வந்த ஆசை இது. தை மாதம் ஒரு சனிக்கிழமை பெரியவர்கள் நாலு பேர், குழந்தைகள் மூன்று பேர் பறவை பார்க்கக் கிளம்பினோம்.

கும்மிடிப்பூண்டி தாண்டியதிலிருந்தே வண்டி சரியில்லை. பெரிய கன்டெய்னர் லாரி பக்கத்தில் வந்தால் முதலில் எங்களை வெளியே தள்ளும். தாண்டிப் போகும்போது உள்ளே இழுக்கும். கொழுந்தனார் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருந்தார். "வீட்டு வண்டின்னா கொஞ்சம் ஆடத்தான் செய்யும், அண்ணி" என்றார். என் ஓரகத்தி மடியில் இரண்டு வயதுப் பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். "எளாவூர் வந்ததும் நிறுத்துங்க. யாரிடமாவது காட்டிட்டுப் போகலாம்" என்று நாங்கள் இரண்டு பேரும் பிடிவாதமாகச் சொல்லிவிட்டோம்.

சாலையோரம் லாரிகளைப் பார்க்கும் வயதான மெக்கானிக் ஒருவர் வந்தார். "ஸ்டியரிங் பாக்ஸைக் கொஞ்சம் இறுக்கி விடுங்க, போதும்" என்றார் கொழுந்தனார். பெரியவர் தலையாட்டினார். "அது கடைசி வேலை சார். மத்ததைப் பார்க்காம அதை முறுக்கினா, நேரா போறப்பவே பிடிச்சுக்கும். வளைச்ச ஸ்டியரிங் தானா திரும்பி வராது" என்றார்.

அவர் முதலில் பார்த்தது டயரைத்தான். பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்கத்தைக் காட்டினார். 2319 என்றிருந்தால் 2019ஆம் வருஷம் 23வது வாரம் செய்தது என்று அர்த்தமாம். இந்த மாதிரி வண்டி மாதக்கணக்கில் நிற்கிறது; பட்டன் தேயாமலேயே ரப்பர் வெடித்துவிடும். எங்கள் டயர் நன்றாக இருந்தது, காற்றுதான் குறைவு. சுமை ஏறும்போது காற்றும் அதற்கேற்ப வேண்டும்.

அடுத்தது சாமான். 200 லிட்டர் தண்ணீர் என்றால் 200 கிலோ. அது பின் சக்கரத்துக்கும் பின்னால் இருக்கிறது. சீசா பலகையில் ஒரு பக்கம் கனமானவர் உட்கார்ந்தால் மறுபக்கம் தூக்குமே, அதே கதைதான். முன் சக்கரம் சாலையை அழுத்திப் பிடிக்காது. தொட்டி பாதிதான் நிறைந்திருந்தது. குறைகுடம் கூத்தாடும் என்பது இதற்கும் பொருந்தும். கூரை மேல் சுமையும் சேர்ந்தால், பழவேற்காடு பக்கத்துக் காற்றுக்குப் பாய் விரித்த படகு மாதிரிதான் வண்டி.

பிறகு பெரியவர் கீழே படுத்துக்கொண்டு, ஸ்டியரிங்கை லேசாக இருபுறமும் ஆட்டச் சொன்னார். இரண்டு விரல்கடைக்கு மேல் திருப்பியும் சக்கரம் அசையவில்லை. ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தின் இரு பக்கமும் கை வைத்து ஆட்டினார், கடகடவென்று ஆடியது. டை ராட் எண்ட் என்ற மூட்டு தேய்ந்து, அதன் ரப்பர் உறையும் கிழிந்திருந்தது. மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆடுகிறதா என்றும் பார்த்தார். அப்படி ஆடி, பிரேக்கை மிதித்ததும் நின்றுவிட்டால் பேரிங். மிதித்தும் ஆடினால் கிங் பின்னோ பால் ஜாயிண்டோ என்று சந்தேகப்பட வேண்டுமாம். எங்களுக்கு அந்தச் செலவு இல்லை.

"இந்த மூட்டு கழண்டுச்சுன்னா ஒரு சக்கரம் இந்தப் பக்கம், ஒரு சக்கரம் அந்தப் பக்கம் போகும்மா" என்று பெரியவர் சொன்னபோது எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. ஓரகத்தி குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

இரண்டு பக்கமும் புது மூட்டு மாட்டி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. அதற்குள் நானும் ஓரகத்தியும் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டு, குடிக்க இரண்டு கேன் மட்டும் வைத்துக்கொண்டோம். கூரைச் சாமானையும் அரிசி டின்னையும் கிரைண்டரையும் நடுவே தரையில் வைத்துக் கட்டினோம். மூட்டு மாற்றினால் வீல் அலைன்மெண்ட் கட்டாயம் பார்க்க வேண்டும் என்றதால் மெதுவாகக் கும்மிடிப்பூண்டி திரும்பி அதையும் முடித்தோம்.

மறுநாள் காலையில் அதே சாலை, அதே லாரிகள். வண்டி போட்ட கோடு மாதிரி போயிற்று. சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை பழவேற்காடு ஏரியின் குறுக்கே போகிறது. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக நம் நாட்டில் பெரிய உப்பங்கழி இதுதான். இரு பக்கமும் தண்ணீர்; தூரத்தில் இளஞ்சிவப்புக் கோடாகப் பூநாரைகள். நேலப்பட்டு சரணாலயத்தில் மரமெல்லாம் கூழைக்கடாக்கள் கூடு கட்டியிருந்தன. குழந்தைகளை அங்கிருந்து கிளப்புவதே பெரும்பாடாகிவிட்டது.

வேன் எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு கிளம்பும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள்:

* கனமான சாமான் தரையில், இரு அச்சுகளுக்கும் நடுவில் இருக்கட்டும். கூரையில் போர்வை, பாய் போதும்.

* தண்ணீர்த் தொட்டியை நிறைத்து வையுங்கள், அல்லது காலியாக வையுங்கள். பின்னால் இருக்கும் தொட்டியானால் காலியே நல்லது.

* டயர் ஆறியிருக்கும்போது, கிளம்புமுன் காற்றுப் பாருங்கள். சரியான அளவு பெரும்பாலும் கதவோரம் எழுதியிருக்கும்.

* குழந்தையை மடியில் வைக்காமல் அதற்குரிய இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார வையுங்கள். நாங்களும் மறுநாளிலிருந்து அப்படித்தான்.

* ஓட்டுகிறவர் நேர்ச் சாலையிலேயே ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். "உனக்கென்ன தெரியும்?" என்று கேட்டாலும் பரவாயில்லை.